வேலிக்காரரின் இரண்டாவது இரத்தம்

தட்டக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று ஆய்வகத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை. சாப்பாட்டுத் தட்டுக்கும் அந்தப் பெயருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. மதியச் சாப்பாட்டை அவள் சரியான நேரத்துக்குச் சாப்பிட்ட நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அது எலைசா தட்டு. உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, வரிசைக்குப் பன்னிரண்டாக எட்டு வரிசை, மொத்தம் தொண்ணூற்றாறு குழிகள். ஒவ்வொரு குழியிலும் முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரம் ஒரு சொட்டு. இருபத்துமூன்று வருடமாக அந்தக் குழிகளின் மேல் குனிந்து குனிந்து கழுத்து எலும்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

அவளிடம் வருவதெல்லாம் உண்ணி கடித்து மூளைக்காய்ச்சல் வந்ததாகச் சந்தேகிக்கப்படுபவர்களின் இரத்தம். உண்ணி என்றால் மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதே சனியன்தான். கடித்தது பலருக்குத் தெரியவே தெரியாது. சில நாள் காய்ச்சல் அடிக்கும். பிறகு எல்லாம் சரியாகிவிட்டது போல ஒரு வாரம் நாடகம். அப்புறம் தலைவலி, உளறல், வலிப்பு, சிலருக்கு நினைவே போய்விடும். அந்தக் கட்டத்தில் வைரஸை நேரில் பிடிப்பது அரிது. இரத்தத்தைவிட்டு அது ஓடியிருக்கும். அதை விரட்ட உடம்பு அனுப்பிய எதிர்ப்புப் பொருள்தான் அது வந்துபோனதற்குச் சாட்சி. சாட்சி இருந்தால் குழி மஞ்சளாகும். இல்லாவிட்டால் வெளுத்துக் கிடக்கும்.

சாட்சி சில பேருக்குத் தாமதமாக வரும் என்பதால் அந்த ஆய்வகத்தில் ஒரே இரத்தத்தை வைத்து இறுதி முடிவு சொல்வதில்லை. முதல் இரத்தம், பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து இரண்டாவது இரத்தம், இரண்டும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்துக் குழியில். இரண்டாவது இரத்தத்துக்காக வீடுவீடாகப் போன் போடுவதும் தட்டக்காவின் தலையில்தான் விழுந்தது. பிழைத்தவர்கள், "அதான் நல்லாயிடுச்சே, இன்னும் எதுக்கு ரத்தம்?" என்று சலித்துக்கொள்வார்கள். சில வீடுகளில் போனை எடுத்தவர் "அவர் தவறிட்டாருங்க" என்பார். அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பட்டியலில் அந்த வரியை அடித்துவிடுவாள். அப்படி அடித்த நாளெல்லாம் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பு இருக்காது.

சர்க்கரைப் பிரிவுக்கு மாற்றம் கேட்டு ஏழு முறை மனு கொடுத்திருந்தாள். அங்கே காலையில் இரத்தம் வரும், மதியம் முடிவு போகும், யாருக்கும் போன் போட வேண்டியதில்லை. ஏழு மனுவும் எந்த மேசையிலோ தூங்கின. தையல் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கும் அவள் கணவர், "நீ மனு எழுதற நேரத்துக்கு நான் ஏழு சட்டை தைச்சிருப்பேன்" என்பார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அதுவரை தள்ளிவிட்டால் போதும் என்றுதான் அவள் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு வேலிக்காரரின் இரண்டாவது இரத்தம் வந்தது. நிலங்களுக்குக் கம்பி வேலி கட்டுகிற மனிதர், ஐம்பத்தோரு வயது. எதிர்ச்சாரியில் இருக்கும் பெரிய மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடந்தார். பன்னிரண்டு நாளைக்கு முன் வந்த முதல் இரத்தத்தில் ஒன்றும் இல்லை. நெகட்டிவ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் தட்டக்காதான். இரத்தத்தோடு கூடவே நரம்பு டாக்டரின் போனும் வந்தது.

"இதுவும் நெகட்டிவ்னா இது தொற்று இல்ல. அவர் உடம்பே அவர் மூளையைத் தாக்குது. முதல் ரிப்போர்ட்டை நம்பித்தான் ஸ்டீராய்டு ஆரம்பிச்சேன், கேக்கல. நாளைக்குக் காலையில பத்து மணிக்குப் பெரிய மருந்து ஏத்தப் போறேன். எதிர்ப்புச் சக்தியையே அடக்கற மருந்து. அதுக்கு முன்னாடி எனக்கு உங்க பதில் வேணும்."

"சாயங்காலத்துக்குள்ள சொல்லிடறேன் சார்."

தட்டு வேலை அவசரத்துக்கு வளைந்து கொடுக்காது. சீரத்தை விட்டு ஊறவைக்க வேண்டும், கழுவ வேண்டும், அடுத்ததை விட வேண்டும், மறுபடி கழுவ வேண்டும். மூன்றரை மணிக்கு நிறம் வரும் திரவத்தை விட்டு, தட்டை ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தாள். இயந்திரம்தான் எண்ணைச் சொல்லும், கண்ணால் பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனாலும் இயந்திரத்துக்குள் தள்ளுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுவது அவள் பழக்கம்.

வேலிக்காரரின் இரண்டு குழிகளும் வெளுத்திருந்தன. நெகட்டிவ். கையெழுத்துப் போட்டுவிட்டு நாலரை பஸ்ஸைப் பிடிக்கலாம்.

பேனாவை எடுத்தவள் மறுபடி தாளைப் பார்த்தாள். நோயில்லாதவர்களின் குழி என்றாலும் அடியில் லேசாக ஒரு சாயம் நிற்கும். கழுவிய வெள்ளை வேட்டி என்றாலும் பழுப்பு தெரியுமே, அந்த அளவு. மனித இரத்தம் என்று ஒன்று இருந்தால் அந்தப் பழுப்பு இருந்தே தீரும். வேலிக்காரரின் குழிகளில் அதுகூட இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தண்ணீர் விட்டுவைத்த குழியும் அதுவும் ஒன்றாக இருந்தன.

முதலில் தன்னைத்தான் திட்டிக்கொண்டாள். வயசாகிவிட்டது, சீரம் விடாமலே அடுத்த குழிக்குத் தாண்டிவிட்டோம் என்று நினைத்தாள். தட்டு வேலை செய்கிற எல்லோரும் ஒருநாள் செய்கிற தப்பு அது. ஆனால் ஒரு குழியைத் தாண்டலாம், இரண்டையும் தாண்ட முடியாது. முதல் இரத்தத்தின் பழைய தாளைத் தேடி எடுத்தாள். அன்றைக்கும் இயந்திரம் கொடுத்த எண் தண்ணீர்க் குழியின் எண்ணுக்குச் சமமாகவே இருந்தது. அன்றைக்கு அவள் நாற்பது பேரின் தட்டைப் போட்டிருந்தாள். அந்த எண்ணைப் பார்க்கவில்லை. அருகில் நெகட்டிவ் என்று அச்சாகியிருந்ததை மட்டும் பார்த்திருந்தாள்.

மிச்ச சீரத்தை எடுத்துக்கொண்டு கீழ்மாடிக்குச் சர்க்கரைப் பிரிவுக்கு இறங்கினாள். இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் மொத்தமாக எவ்வளவு இருக்கிறது என்று எண்ணும் இயந்திரமும் அங்கேதான் இருந்தது.

"என்னக்கா, மனு போட்ட இடத்தைப் பாத்துட்டுப் போக வந்தீங்களா?" என்றாள் அங்கிருந்தவள்.

"கிண்டல் அப்புறம் பண்ணு. இந்த ரத்தத்துல முதல் வகை எதிர்ப்புப் பொருள் எவ்வளவு இருக்குன்னு பாத்துச் சொல்லு. காய்ச்சல் வந்த உடனே உடம்பு முதல்ல அனுப்புமே, அது."

இருபது நிமிடம் ஆனது. சர்க்கரைப் பிரிவுக்காரி திரையைத் தட்டினாள், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். "எண்ண முடியாத அளவுக்குக் கம்மின்னு வருதுக்கா. இது என்ன ரத்தமா, குழாய்த் தண்ணியா?"

தட்டக்கா மிச்ச சீரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். சாட்சியே இல்லாத உடம்பில் சாட்சியைத் தேடி, திருட்டு நடக்கவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஒருமுறை எழுதியாயிற்று. இன்னொரு முறை எழுத இருந்தாள்.

மேலே வந்து, முதல் இரத்தத்தோடு வந்த வேலிக்காரரின் படிவத்தை எடுத்தாள். மருந்துக் கட்டத்தில் 'இல்லை' என்று கோணல்மாணலாக ஒரு சொல். கீழே மனைவியின் போன் எண். முதல் மணியிலேயே மனைவி எடுத்தாள். வார்டு வாசலில் நிற்கிறாள் போல, பின்னால் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது.

"ஆய்வகத்துலேர்ந்து பேசறேம்மா. உங்க வீட்டுக்காரர் என்ன மருந்து எடுத்துட்டிருந்தார்?"

"ஒண்ணும் இல்லீங்களே. தலைவலிக்குக்கூட மாத்திரை போட மாட்டார்."

"ஊசி?"

"ஊசியா? கை மூட்டுக்கு ஆறு மாசத்துக்கு ஒருதடவை ஏத்துவாங்க. பாட்டில்ல தொங்கவிட்டு, நாள் பூரா. விரல் மடங்காம நாலு வருஷம் முன்னாடி படுத்துட்டார், அது ஏத்தின அப்புறம்தான் கம்பி முறுக்கவே முடிஞ்சுது. அது வேற ஊர் டாக்டர்."

"கடைசியா எப்போம்மா?"

"இந்த வேலைக்குப் போறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி. பெரிய வேலை, புல்லு இடுப்பளவு இருக்கு, கை நல்லா இருக்கணும்னு ஏத்திட்டே போனார். ஏங்க, அதுவும் மருந்துல சேத்தியா?"

மருந்தின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னாள். மனைவி பையைத் துழாவிப் பழைய சீட்டு ஒன்றை எடுத்துப் படித்தாள். எதிர்ப்புப் பொருளைச் செய்கிற அணுக்களையே துடைத்துவிடும் மருந்து. மூட்டுவலிக்காரர்களுக்கு அது பெரிய வரம், அதில் தப்பே இல்லை. ஆனால் நாலு வருடம் அதை ஏற்றிய உடம்பை உண்ணி கடித்தால், எதிர்த்து அனுப்ப ஆளே இருக்காது.

தட்டக்கா நரம்பு டாக்டரைக் கூப்பிட்டாள். "சார், நாளைக்கு ஏத்தப் போறீங்களே, அந்த மருந்து பேர் என்ன?"

அவர் சொன்னார். அதே மருந்துதான்.

அவள் விஷயத்தைச் சொன்னாள். டாக்டருக்குக் கோபம் வந்தது. "நெகட்டிவ்னு நீங்கதானே எழுதினீங்க?"

"நாந்தான் சார் எழுதினேன். அது நெகட்டிவ் இல்ல. அந்த ரத்தத்தால பதில் சொல்ல முடியாது."

"எனக்கு ஆதாரம் வேணும். சந்தேகத்தை வெச்சுட்டு நான் சும்மா உக்காந்திருக்க முடியாது. ஒவ்வொரு நாளும் அந்த மூளை போயிட்டிருக்கு. நாளைக்குப் பத்து மணி வரைக்கும் காத்திருக்கேன். அதுக்கு மேல முடியாது."

இனி இருந்தது ஒரே வழி. சாட்சி இல்லாத இடத்தில் குற்றவாளியையே தேட வேண்டும். முதல் இரத்தம் எடுத்த அன்றே வேலிக்காரரின் முதுகிலிருந்து எடுத்த தண்டுவட நீரில் கால் மில்லி உறைபெட்டியில் மிச்சம் இருந்தது. இரண்டாவது நெகட்டிவ் வந்தால் மிச்சத்தைக் கழிவில் போட்டுவிடுவது வழக்கம். அன்றைக்கு நாலரை பஸ்ஸைப் பிடித்திருந்தால் அவள் கையாலேயே அதைப் போட்டிருப்பாள்.

பக்கத்து அறையில், வைரஸையே நேரில் தேடும் பி.சி.ஆர். சோதனை பார்ப்பவர் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார். தட்டக்கா வந்து சேர்ந்த வருடமே அவரும் சேர்ந்தவர், அவளைவிட அலுத்தவர். "தண்டுவட நீர்லயா? மூளைக்குப் போன அப்புறம் அங்கேயும் இருக்காதுன்னு உங்களுக்கே தெரியுமேக்கா. அது எப்பவோ ஓடியிருக்கும்."

"விரட்ட ஆள் இருந்தாத்தானே ஓடும்?"

அவர் அங்கியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "கால் மில்லிதான் இருக்கு. ஒரு தடவைதான் போட முடியும். சொதப்பினா அவ்வளவுதான். இப்ப என் கண்ணுக்கே ரெண்டு டியூப் நாலாத் தெரியுது. காலையில ஆறரைக்கு வரேன். நீங்களும் வாங்க, பக்கத்துல நில்லுங்க."

மறுநாள் ஆறரைக்கு இருவரும் வந்தார்கள். அவள் செய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அவர் ஒவ்வொரு டியூபையும் மூடும்போது எண்ணை உரக்கப் படித்தார், அவள் தாளில் குறி போட்டாள். இயந்திரம் ஓடத் தொடங்கியபின் இருவரும் முக்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தார்கள். நாற்பது சுற்று. வைரஸ் இருந்தால் அதற்குள் கோடு மேலே எழும். பத்து, பதினைந்து, இருபது சுற்று வரை கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. அவளுக்கு ஒரு மனம் கோடு எழ வேண்டும் என்றது. எழுந்தால் தன் முதல் கையெழுத்து பொய் என்றாகும். எழாவிட்டால் பத்து மணிக்கு அந்த மருந்து இறங்கும். எது வந்தாலும் நிம்மதியில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இருபத்தொன்பதாவது சுற்றில் கோடு தலையைத் தூக்கியது. சுத்த நீர் விட்ட டியூபின் கோடு அசையவில்லை.

"இருக்குக்கா," என்றார் அவர். "உள்ளயே குந்திட்டிருக்கு."

மணி ஒன்பதே முக்கால். அவள் வார்டுக்குப் போன் போட்டு, நரம்பு டாக்டர் வரும்வரை போனை வைக்காமல் நின்றாள். மருந்துப் பாட்டிலை ஸ்டாண்டில் மாட்டியாகிவிட்டதாம். கழற்றினார்கள்.

ஸ்டீராய்டை மெல்லக் குறைத்தார்கள். ஊரார் கொடுத்த இரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் பொருளை, பலன் நிச்சயமில்லை என்று சொல்லிவிட்டே ஏற்றினார்கள். இந்த நோய்க்கு அதற்குமேல் மருந்து கிடையாது. கூடவே இருந்து காத்திருப்பதுதான் வைத்தியம். ஆய்வகத்தில் தலைமை டாக்டரம்மா தட்டக்காவைக் கூப்பிட்டுப் பாராட்டினாள். பாராட்டி முடித்துவிட்டுப் படிவத்தைப் பற்றிப் பேச்செடுத்தாள்.

படிவத்தின் கதை இது. முன்பு அது மூன்று பக்கம். வார்டில் நர்சுகள் பாதியை நிரப்பாமலே அனுப்பினார்கள். ஒன்பது வருடத்துக்கு முன் தட்டக்காதான் உட்கார்ந்து, நோயாளியின் வீட்டாரே நிரப்பும்படி அதை ஒரு பக்கமாகச் சுருக்கினாள். எல்லோரும் கைதட்டினார்கள். ஊசி, பழைய சிகிச்சை, வேறு மருத்துவர் என்று நாலு வரியாக இருந்ததை 'தினமும் எடுத்துக்கொள்ளும் மருந்துகள்' என்று ஒரே வரியாக்கியது அவள்தான்.

"படிவத்தை மாத்திடலாம்," என்றாள் தலைமை டாக்டரம்மா. "பழசைப் பத்தி வெளியில யார்கிட்டயும் பேச வேண்டாம். ஓய்வு பெறப் போற நேரத்துல உங்களுக்கும் எதுக்கு வம்பு?"

தட்டக்கா தலையை ஆட்டினாள். அன்றைக்கு எதிர்த்துப் பேச அவளிடம் தெம்பு இல்லை.

ஆறு வாரம் கழித்து, மதியம் ஆய்வகத்தின் வரவேற்பு ஜன்னலில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் ஒரு துணிப்பை. மூன்று இரவு தூங்காத முகம்.

"அன்னைக்கு போன்ல ஊசியைப் பத்திக் கேட்டது நீங்கதானே? குரல் தெரியுது. நான் வேலி கட்டறவர் வீட்டுல."

தட்டக்கா வெளியே வந்து அவளை பெஞ்சில் உட்காரவைத்தாள். "அவர் எப்படி இருக்கார்?"

"கண்ணைத் திறந்துட்டார். சாப்பிடறார். இடது கை வரல. என்னைப் பாத்து அக்காங்கறார். நான் உங்க பொண்டாட்டின்னா சரிங்கறார், அடுத்த நிமிஷம் மறுபடி அக்காங்கறார்." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நான் அந்தக் காகிதத்துல மருந்து இல்லேன்னு எழுதினேனே, அதனாலதானே அவ்வளவு நாள் தப்பு வைத்தியம்? வார்டுல நர்சம்மா அப்படித்தான் சொன்னாங்க. மாமியார் என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கறதில்ல. கொழுந்தனார் நல்ல மனுஷன், அவரே கேக்கறார், 'ஏன் அண்ணி மறைச்சீங்க'ன்னு. நான் எதை மறைச்சேன்?"

'அப்படியெல்லாம் இல்லம்மா, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க' என்று சொல்லி அனுப்பிவிடலாம். இருபத்துமூன்று வருடத்தில் எத்தனையோ பேரை அப்படி அனுப்பியிருக்கிறாள். அன்றைக்கும் அதுதான் நாக்கு நுனியில் வந்தது. அவள் உள்ளே போய்ப் படிவத்தை எடுத்துவந்து அந்தப் பெண்ணின் மடியில் வைத்தாள்.

"கேள்வியைப் படிங்க."

"தினமும் எடுத்துக்கொள்ளும் மருந்துகள்." அவள் நிமிர்ந்தாள். "தினமும் இல்லையே அது."

"இல்ல. நீங்க எழுதினது சரியான பதில். கேள்விதான் தப்பு. அந்தக் கேள்வியை எழுதினது நான்."

அந்தப் பெண் அவளையே பார்த்தாள்.

"முதல் ரத்தத்துலயே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அன்னைக்கும் குழி அப்படித்தான் வெளுத்திருந்துச்சு. நான் கவனிக்கல. பன்னெண்டு நாள் என்னால போச்சு."

"அந்தப் பன்னெண்டு நாள் போகலேன்னா கை வந்திருக்குமா?"

"தெரியலம்மா. யாராலயும் சொல்ல முடியாது." அதோடு நிறுத்திக்கொண்டிருந்தாலும் பொய்யாகாது. ஆனாலும் சொன்னாள், "வந்திருக்கலாம்."

அந்தப் பெண் வெகுநேரம் படிவத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். அழவில்லை. பிறகு கேட்டாள், "இதை எழுதிக் குடுப்பீங்களா? வாயால சொன்னா நம்ப மாட்டாங்க. வீட்டுல காட்டணும்."

தலைமை டாக்டரம்மாவின் அறை மூன்று கதவு தள்ளித்தான் இருந்தது. தட்டக்கா ஆய்வகத்தின் பெயர் அச்சிட்ட தாள் ஒன்றை எடுத்து, ஜன்னல் பலகையில் வைத்து எழுதினாள். கேள்வி தவறாகக் கேட்கப்பட்டது, நோயாளியின் மனைவி எதையும் மறைக்கவில்லை, கேட்டதற்குச் சரியான பதிலையே எழுதினார். நாலு வரிதான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அந்தப் பெண் ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். "கையெழுத்து புரியல. பேரையும் என்ன வேலைன்னும் கீழ தெளிவா எழுதுங்க. கொழுந்தனார் கேப்பார்."

தட்டக்கா எழுதினாள். முத்திரையும் வைத்தாள்.

அந்தப் பெண் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். துணிப்பையைப் பெஞ்சில் வைத்தாள். உள்ளே ஆறு கொய்யாப்பழம். வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"மருந்தை நிறுத்தினீங்களாமே, அதுக்கு நன்றி சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன். இப்ப வாய் வரல. இன்னொரு நாள் வந்து சொல்றேன்."

"வாங்கம்மா," என்றாள் தட்டக்கா. "அவசரமில்ல."